பச்சைப் புள்ளித் தீனி

எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் இப்போது பூனைத் தீனிக்கென்று தனி அலமாரி வைத்திருக்கிறார்கள். சோப்பு வரிசைக்கு எதிரில். ஒவ்வொரு பையிலும் ஒரு வெள்ளைப் பூனை, காரைக்குடியில் எவனும் கண்ணால் பார்த்திராத மாதிரிப் புஸ்ஸென்று முடி வைத்துக்கொண்டு சிரிக்கிறது. பூனை சிரிக்காது. பையின் முன்பக்கம் முழுக்க இப்படித்தான், பொய். நான் பையைத் திருப்பிக் கண்ணாடியைக் கழற்றி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பேன். கடைப் பெண் வந்து, "என்ன சார் தேடுறீக, எக்ஸ்பயரி டேட்டா?" என்று கேட்பாள்.

"இல்லம்மா, சாம்பல் எவ்வளவுன்னு பாக்குறேன்" என்பேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

எனக்கு இப்போது பூனை கிடையாது. அந்தத் தீனியை வாங்குவதும் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் போனால் கை தானாகப் பையைத் திருப்புகிறது. ஒரு பையில் முதல் பெயராக மக்காச்சோளம் இருந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடு வீட்டுக்கு வந்தால், பட்டறை மூலையில் அந்தத் தடியன் படுத்திருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. எதற்காக இவ்வளவு கோபம் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எனக்கு அலங்காரமாக எழுத வராது.

மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். திருப்பத்தூர் ரோட்டில் எங்கள் வீட்டின் முன் அறைதான் பட்டறை. கல்லல் பக்கமிருந்து கிணற்று மோட்டார்கள் எரிந்துபோய் வரும். பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, உள்ளே குண்டு பல்பு எரியும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துக் காய வைப்பேன். அந்தப் பெட்டியின் மேல்பக்கம் இதமான சூடாக இருக்கும். அது எனக்கே தெரியாது. ஒரு மழைநாளில் எங்கிருந்தோ வந்த ஒரு கறுப்பு வெள்ளைக் கடுவன் பூனை அதன் மேல் ஏறிப் படுத்த பிறகுதான் தெரிந்தது. விரட்டினேன். மறுபடி வந்தது. நாலைந்து முறை விரட்டிய பிறகு எனக்கு வேலை இருந்தது, அதற்கு இல்லை. விட்டுவிட்டேன்.

பெயர் வைக்கவில்லை. 'ஏய்' என்றால் திரும்பும், அது போதுமாக இருந்தது.

முதல் இரண்டு வருஷம் அது பெயருக்குத்தான் எங்கள் வீட்டுப் பூனை. மாதத்தில் பாதி நாள் தெருவில். காது கிழிந்து வரும், கண் வீங்கி வரும். புதிதாகச் சுற்றிய காயில் மேல் வாலைத் தூக்கிப் பீய்ச்சிவிட்டுப் போகும். அந்த நாற்றம் வார்னிஷையும் மீறி வரும். ஒரு விவசாயியின் மோட்டாரில் அப்படிச் செய்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்துவிட்டேன். மோட்டாரை எடுக்க வந்த அந்தக் கல்லல்காரர், பெட்டி மேல் சுருண்டு கிடந்ததைப் பார்த்து, "என்னண்ணே, வீட்டுக்கு ஒண்ணே போதும்னு பூனைக்கும் பண்ணிவிட்டீகளா?" என்றார்.

"மோட்டார எடுத்துக்கிட்டு நடையக் கட்டுங்க" என்றேன். உள்ளே என் வீட்டுக்காரி சிரித்தது கேட்டது.

அறுவைக்குப் பிறகு அது வேறு பூனை. சண்டையில்லை, ஊர் சுற்றவில்லை. பகலில் பெட்டி மேல், மற்ற நேரம் என் வீட்டுக்காரியின் பாயில், அவள் கால்மாட்டில். பசி மட்டும் இரண்டு பங்கு. எங்கள் வீட்டில் சாளை மீன் தலையும் சோறும் தின்னும். பிறகு சுவர் ஏறிப் பக்கத்து வீட்டில் குதித்து, பாய் வீட்டு அடுப்படிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பிடி சோறு கிடைக்காத ஏழை மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். பாய் துபாயில் பல வருஷம் சபுறு செய்து, அதாவது பிழைக்கப் போய், திரும்பி வந்தவர். அவர் சம்சாரம் இரக்கக்காரி. அங்கே இன்னொரு சாப்பாடு. வயிறு தரையைத் தொட ஆரம்பித்தது. எங்கள் யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் மெலிந்ததைப் பார்த்தால்தான் கவலைப்படுவோம்.

மார்கழி பிறந்தது. என் வீட்டுக்காரி ஒவ்வொரு வருஷமும் மாலை போட்டுக்கொண்டு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவள். குன்றக்குடியிலிருந்து கூட்டமாகக் கிளம்புவார்கள். மாலை போட்ட நாளிலிருந்து வீட்டில் மீன், முட்டை, கறி, எதுவும் நுழையாது. முந்தைய வருஷங்களில் பூனையால் சிக்கல் வந்ததில்லை. மார்கழி, தை குளிரில் அது பெட்டைகளைத் தேடி எங்கோ அலையும், மீன் மார்க்கெட்டில் தின்னும், வீட்டுப்பக்கமே வராது. இப்போது பிரம்மச்சாரி. வீட்டோடு கிடக்கிறது. கிடப்பது அவள் பாயில்.

"வாயில மீன் வாடையோட வந்து என் பாயில படுக்குமே, அதுக்கு என்ன சொல்றீக?" என்றாள்.

"பாய மாத்து."

"பாய மாத்தினா அங்குட்டு வந்து படுக்காதா?"

படுக்கும். அதனால் அவள் கடைக்குப் போனாள். காய்ந்த தீனி என்று ஒன்று விற்பதைப் பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ பார்த்திருக்கிறாள். கடையில் எடுத்துக் காட்டிய பைகளில் எல்லாம் கோழி, மீன். "இதெல்லாம் வேணாம், மாலை போட்டிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் பின்னால் தேடி ஒரு பையை எடுத்து வந்து, இது சுத்த சைவம் என்று கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகக் காட்டினாள்.

"பச்சைப் புள்ளி போட்டிருக்கு பாத்தீகளா."

"அப்ப அதுக்கும் மாலை போட்டுவிட்டே" என்றேன்.

"ஆமா. உங்களுக்குத்தான் போட முடியல."

மோட்டார் மேல் அடித்திருக்கும் தகட்டை நம்பி நான் வேலை செய்ததே கிடையாது. தகட்டில் செம்பு என்று இருக்கும், பிரித்தால் உள்ளே அலுமினியம் சுற்றியிருப்பான். ஆனால் பூனைத் தீனிக்கும் ஒரு தகடு இருக்கும், அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பூனை அதை முகர்ந்தது, இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பிறகு தின்றது. பக்கத்து வீட்டில் எப்படியும் மீன் கிடைக்கும், அதனால் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாதம் ஓடியது. தை பிறந்து, அவள் மஞ்சள் சேலையோடு கூட்டத்தோடு நடக்கக் கிளம்பிவிட்டாள். வீட்டில் நானும் பூனையும்.

அவள் போன மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பட்டறை வாசலில் கொட்டிக் கிடந்த மணலில் அது போய் உட்கார்ந்தது. எழுந்தது. இரண்டடி தள்ளி மறுபடி உட்கார்ந்தது. முதுகை வளைத்து முக்கியது. ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்தேன். காய்ந்த தீனி தின்றால் காய்ந்துதானே போகும். விளக்கெண்ணெய் எடுத்து வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தேன். சுவருக்கு மேலே பாய் சம்சாரத்தின் தலை தெரிந்தது.

"அண்ணே, என்ன செய்யுறீக?"

"வெளிக்குப் போகல. எண்ணெய் குடுக்குறேன்."

"நானும் காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இங்குட்டு வந்தும் எங்க குளிக்கிற எடத்துல உக்காந்து முக்குச்சு. ஒரு சொட்டு விழுந்துச்சு, சிவப்பா. அது வெளிக்குப் போகாம இல்லண்ணே. ஒண்ணுக்குப் போகல. எங்க அத்தாவுக்கு இப்படித்தான் அடைச்சுச்சு."

அதன் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று கெட்டியாகத் தட்டுப்பட்டது. தொட்டதும் கத்தியது. அந்தப் பூனை அதற்கு முன் என்னைப் பார்த்துக் கத்தியதில்லை. மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியில் போட்டு, காயில் கட்டும் நாடாவால் கட்டி, பாய் ஸ்கூட்டரை எடுக்க, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பாய் வழியெல்லாம், "ஒண்ணும் ஆகாதுண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று திட்டினேன்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்ட உடனே மயக்க மருந்தை எடுத்தார். "ஆண் பூனைக்குக் குழாய் ரொம்பச் சின்னது. மணல் மாதிரி உப்புப் படிஞ்சு அடைச்சிருக்கு. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தீங்கன்னா ரத்தத்துல விஷம் ஏறிப் போயிருக்கும். இப்பவும் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். ஊசி மாதிரி மெல்லிய ஒரு குழாயை உள்ளே விட்டார். வெளியே வந்ததைப் பார்க்க முடியாமல் பாய் வெளியே போய்விட்டார். நான் நின்றேன்.

"என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

சொன்னேன். பையைக் கொண்டுவரச் சொன்னார். பாய் போய் எடுத்து வந்தார். டாக்டரம்மா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார்.

"சோளம், சோயா, அரிசித் தவிடு, கோதுமை. இது பூனைக்கா, மாட்டுக்கா?"

"மாலை போட்டிருக்காங்க" என்றேன்.

"யாரு, இதுவா?"

டாக்டரம்மா பையை மேசை மேல் போட்டார்.

"பூனை மாமிசம் தின்னாத்தான் உசுரோட இருக்கும். டாரின்ங்கிற ஒரு சத்து மாமிசத்துலதான் இருக்கு, அது இல்லன்னா கண்ணும் இருதயமும் போயிரும். செடி கொடியைத் தின்னா மூத்திரம் காரமாகி உப்பு உறையும். காய்ஞ்ச தீனி வேற, தண்ணி சேராது. கருத்தடை பண்ணது, குண்டு, எந்திரிச்சு நடக்காது, மூத்திரத்தை அடக்கிக்கிட்டுப் படுத்திருக்கும். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இத்தனையும் சேந்திருக்கு. மீன் எதுவுமே போடலையா?"

"இவுக வீட்டுல போடுவாங்களே" என்று பாயைக் காட்டினேன்.

பாய் தரையைப் பார்த்தார். "இல்லண்ணே. மார்கழியில இருந்து நாங்களும் போடல. அவ வேணாம்னுட்டா. மாலை போட்ட வீட்டுப் பூனைக்கு எப்படிங்க மீன் போடுறதுன்னா. அக்கா பாயில போயித்தானே படுக்கும், அவுக விரதம் நம்மளால கெட்டுறக் கூடாதுன்னா. வெறும் தயிர்ச்சோறுதான் வச்சோம்."

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ரெண்டு வீடும் சேந்து நல்லா மரியாதை பண்ணியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

பூனையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். நத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள் போல, பாத்திரச் சத்தமும் பாட்டும் கேட்டது. எனக்கு எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"உன் பச்சைப் புள்ளி பூனையக் கொன்னுரும் போல இருக்கு. மூத்திரம் அடைச்சுருச்சு. குழாய் போட்டு வச்சிருக்காக."

பாட்டுச் சத்தம் தூரமாயிற்று. கூட்டத்தை விட்டுத் தள்ளி வந்தாள் போல. பிறகு, "நான் திரும்பி வந்துறவா?" என்றாள்.

"வந்து என்ன செய்யப் போறே? நீயா குழாய் போடப் போறே? நட."

"பொழைச்சுருமா?"

"குழாய எடுத்ததுக்கப்புறம் அதுவா போனாப் பொழைக்கும். போகலன்னா இல்ல."

அதற்குப் பிறகு அவள் எந்த ஊரில் உட்கார்ந்தாலும் போன் வந்தது. சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை, கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை. "போச்சா?" என்பாள். "இன்னும் குழாய எடுக்கல" என்பேன். வைத்துவிடுவாள். கூட நடந்தவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு தடவை அவள் போனில் வேறொரு ஆம்பளைக் குரல், "ஐயா, பூனை ஒண்ணுக்குப் போச்சுங்களா?" என்று கேட்டது. நீங்க யாருங்க என்றேன். "நம்ம குழுவுல காவடி எடுக்குறவன்" என்றார்.

குழாயை எடுத்த அன்று நானும் பாயும் காலையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கூண்டுக்குள் ஒரு தட்டில் மணல். பூனை மணலில் ஏறும், இறங்கும், எங்களைப் பார்க்கும். மதியம் பாய் தொழுகைக்குப் போய்விட்டு ஓடி வந்தார். வெயில் சாய்கிற நேரத்தில் அது மணலைப் பறித்தது, உட்கார்ந்தது, கண்ணை மூடிக்கொண்டது. மணலில் ஒரு ஈரம் பரவியது. சின்ன ஈரம் இல்லை. நன்றாகப் பரவியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். போனை எடுத்து, "போயிருச்சு" என்றேன். அந்தப் பக்கம் அவள் யாரிடமோ திரும்பிச் சொன்னாள். ஒரு கூட்டமே 'அரோகரா' என்றது போனில் கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் வேலை ஆரம்பித்தது. டாக்டரம்மா சில மாதத்துக்கு ஒரு மருந்துத் தீனி எழுதிக் கொடுத்தார், மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டு வரவழைத்தோம். அதற்கப்புறம் சாதாரணத் தீனி போடலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள் என்றார். பார்த்து என்றால் எப்படிப் பார்ப்பது? அதைத்தான் நானும் பாயும் பட்டறை மேசையில் பைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டோம். அந்த மத்தியானங்கள் இப்போது நினைத்தாலும் இனிக்கின்றன. வார்னிஷ் வாடை, பாய் வீட்டிலிருந்து சுவர் தாண்டி வரும் இஞ்சி டீ, பெட்டி மேல், நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் வளையத்தோடு எங்களை முறைத்துக்கொண்டிருந்த அந்தத் தடியன்.

பாய் தன் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய பையை முதலில் வைத்தார். "வெளிநாட்டுச் சரக்குண்ணே. போட்டிருக்கான் பாருங்க, 'கருத்தடை செய்த வளர்ந்த பூனைக்கு'ன்னு."

"எவன் வேணாலும் போடலாம். அதுக்கு என்ன சட்டம் இருக்கு? திருப்புங்க."

திருப்பினால் முதலில் கோழி. பாய் சிரித்தார். நான் தொடர்ந்து படித்தேன். இரண்டாவது சோளம், மூன்றாவது சோளப் பசை, நான்காவது அரிசி, ஐந்தாவது குருணை. எடை எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. தானியத்தை நாலாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் சிறிசாகிவிடும், கோழி மேலே வந்துவிடும். அதுவும் பச்சைக் கோழி. தண்ணீர் எடையோடு கணக்கு, அடுப்பில் காய்ந்தால் கால் பங்குதான் மிஞ்சும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு நிறம் பூசுகிற அதே புத்தி. எனக்கு நன்றாகப் பழக்கமான புத்தி.

"அப்ப இதுவும் பொய்யா?" என்றார் பாய். அவர் முகம் வாடிவிட்டது. மகன் அவ்வளவு தூரம் தூக்கி வந்தது.

"பொய் இல்ல பாய். பாதி."

பைக்குள் கையை விட்டு முகர்ந்தேன். எண்ணெய் காறிப்போன வாடை. பிரித்து எத்தனை மாசம் ஆயிற்று என்றேன். வாங்கி வந்ததிலிருந்து சமையலறைப் பரணில் திறந்தபடியே இருந்ததாம். காரைக்குடி வெயிலில் பரணில் வைத்தால் கொழுப்பு காறாமல் என்ன செய்யும்? எவ்வளவு நல்ல தீனியாக இருந்தாலும் அப்படி வைத்தால் குப்பைதான். சின்னப் பையாக வாங்கி, மூடி இறுக்கமான டின்னில் போட வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்தது எண்கள். புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம். மாவுச்சத்து எவ்வளவு என்று ஒரு பையிலும் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தால் கோபம் வந்தது. இருக்கிறதையெல்லாம் கூட்டி நூறில் கழித்தேன். ஒரு பையில் கூட்டினது அறுபது வந்தது. மீதி நாற்பது மாவு. காட்டில் எலி பிடிக்கிற மிருகத்துக்கு நூறில் நாற்பது மாவு. 'டயட்' என்று எழுதிய இன்னொரு பையில் கொழுப்பைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் மாவை நிரப்பியிருந்தான். கருத்தடை செய்த பூனைக்கு உடம்புச் செலவு குறைவு, அதனால் தீனியில் சூட்டுக் கணக்கு, அதுதான் கலோரி, குறைய வேண்டும். ஆனால் புரதம் குறையக் கூடாது, குறைந்தால் கொழுப்புக்குப் பதில் சதை கரையும். புரதம் என்றாலும் எந்தப் புரதம்? சோளத்திலிருந்து பிரித்தெடுக்கிற சோளப் பசையும் எண்ணில் புரதம்தான். அதனால் எண்ணை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம், பெயரை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாம்பல் என்பது எரித்தால் மிஞ்சுகிற உப்பும் சுண்ணாம்பும். அதில் பாஸ்பரஸ் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்பதுதான் எங்கள் பூனையின் குழாய்க்கு முக்கியம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பல பைகளில் அது இல்லை. பையில் போட்டிருந்த நம்பருக்கெல்லாம் போன் செய்தேன். ஒரு கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள்.

"சார், எங்க தீனி கருத்தடை பண்ண பூனைகளுக்குன்னே ஸ்பெஷலா..."

"அது முன்பக்கத்துல இருக்கும்மா. பின்பக்கத்துல இல்லாததச் சொல்லு. பாஸ்பரஸ் எவ்வளவு?"

"உங்க கேள்வியப் பதிவு பண்ணிக்கிறேன் சார். பூனையோட பேர்?"

"பேரு கிடையாது."

"பேர் இல்லாமப் பதிவு பண்ண முடியாது சார்."

"அப்ப என் பேரப் போட்டுக்க."

அவள் போட்டுக்கொண்டாள். பிறகு ஒருவர் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி, அவனுக்கு இப்போது மூத்திரம் சரியாகப் போகிறதா என்று விசாரித்தார். பாய் டீயைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் கேட்ட கணக்கைச் சொன்னது அந்தக் கம்பெனி ஒன்றுதான். மற்றவர்கள் மழுப்பினார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவனிடம் நான் கம்பியே வாங்க மாட்டேன். டாக்டரம்மாவிடம் அந்த எண்களைக் காட்டினேன், பரவாயில்லை, போடுங்கள் என்றார். கோழியும் மீனும் பெயர் சொல்லி எழுதியிருந்த தீனி அது. விலை கொஞ்சம் கூடுதல்.

செம்புக் கம்பி நிறுக்கிற தராசில்தான் தினத் தீனியை நிறுத்தேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அளவு. அதைப் பிரித்து ஒரு பங்கைச் சுவர் மேல் வைத்துவிடுவேன், பாய் சம்சாரம் எடுத்து அவர்கள் வீட்டுத் தட்டில் போடுவார். "இம்புட்டுத்தானாண்ணே? கண்ணு வலிக்குதே" என்பார். ஒரேயடியாகக் குறைத்தால் குண்டுப் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும், மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்ததால், மாதத்துக்கு ஒரு துளி குறைத்தேன். தீனியில் வெந்நீர் ஊற்றி ஊற வைத்தோம். இரண்டு வீட்டிலும் மூலைக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம். பூனை இளைத்தது. கழுத்து தெரிந்தது. சுவரில் ஒரே தாவாகத் தாவியது.

அப்படியே மறுபடி மார்கழி வந்துவிட்டது.

இதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். சாதாரணமாகவே அது மறுபடி அடைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தீனியை மாற்றினால் சொல்லவே வேண்டாம். டின்னில் இருப்பது கோழியும் மீனும். மூடியைத் திறந்தாலே அடுப்படி முழுக்கக் கருவாட்டு வாடை. என் வீட்டுக்காரி பூஜை அறையைக் கழுவி, மாலையை எடுத்துத் துடைத்து வைத்தாள். நான் பட்டறையிலிருந்து எழுந்து போனேன்.

"இந்த வருஷம் மாலை போடாத."

"ஏன்?"

"பூனை செத்துரும்."

"மாலைக்கும் பூனைக்கும் என்ன?"

"போன வருஷம் என்னவோ அதேதான். அது வாயில வாடையோட வந்து உன் பாயில படுக்கும். நீ மறுபடி எதையாவது பச்சைப் புள்ளி வாங்கிட்டு வருவே. நான் விடமாட்டேன்."

என் குரல் ஏறிவிட்டது. பூனை எழுந்து வெளியே போய்விட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் விளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். திரியைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, பிறகுதான் பேசினாள்.

"நான் போன வருஷம் நத்தத்துல இருந்து பழனி வரைக்கும் என்ன நெனைச்சு நடந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? அது ஒண்ணுக்குப் போகணும்னுதான் நடந்தேன். வேற ஒண்ணுமே கேக்கல. அத்தன தூரம் நடந்து வாங்கிட்டு வந்தத நானே கெடுப்பேனா?"

இருந்தாலும் நான் விடவில்லை. "அப்ப வாடை?"

"முருகன் மயில் மேல உக்காந்திருக்காரு. மயிலு பாம்பத் திங்குது. அவரு மூக்கப் பிடிச்சுக்கிட்டா உக்காந்திருக்காரு?"

மறுநாள் காலையில் மாலை போட்டுக்கொண்டாள். கோயிலிலிருந்து ஈரத்தலையோடு வந்தவள் நேராக அடுப்படிக்குப் போய் டின்னைத் திறந்து, தராசில் நான் நிறுத்து வைத்திருந்ததைத் தட்டில் கொட்டி, வெந்நீர் ஊற்றி, அது தின்கிற வரை குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கையைக் கழுவிவிட்டுச் சுவர் பக்கம் போய், "ஏத்தா, இந்த வருஷம் தயிர்ச்சோறு வைக்காத. அண்ணன் தர்றத மட்டும் போடு" என்று சத்தமாகச் சொன்னாள். "மாலை போட்டிருக்கீகளேக்கா" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "போட்டிருக்கேன், போடு" என்றாள்.

இப்படியே இன்னும் பல மார்கழி அந்தப் பூனை இருந்தது. கிழமாகி, பல் போய், ஒரு ஆடி மாதம் பெட்டி மேலேயே தூக்கத்தில் போயிற்று. அதற்குப் பிறகு பாயும் சம்சாரமும் சென்னைக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள். சுவர் மேல் வைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த இரண்டாவது மார்கழியின் முதல் மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன். எனக்கு இலையில் ரசமும் அப்பளமும் கொத்தவரங்காயும். பக்கத்தில் தட்டில் கோழியும் மீனும் ஊறிக்கொண்டிருந்தது, அந்த வாடையில் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இந்த வீட்டுக்குத் தலையாக நிற்கிற ஆள் நான், எனக்கு இல்லாதது அதற்கு உண்டா என்று கேட்டேன். அவள் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினாள்.

"நீங்கதான் நல்லா ஒண்ணுக்குப் போறீகளே" என்றாள்.